மலையில கொஞ்சம் கொஞ்சமா வீடு கட்டணும்னா சுவருக்கு முன்னாடி கூரை போடுங்க

கேள்வி: "அண்ணே, நாங்க மதுரை. தாண்டிக்குடிக்குக் கிட்ட 40 சென்ட் பழைய காப்பித் தோட்டம் வாங்கியிருக்கோம், பட்டா இடம்தான். ஒரே மூச்சுல கட்ட காசு இல்ல. வருஷா வருஷம் போனஸ் வர்றப்ப கொஞ்சம் கொஞ்சமா கல்லும் மரமுமா ஒரு சின்ன வீடு, லீவுக்குப் போய் தங்குற மாதிரி கட்டிக்கணும்னு ஆசை. இடம் நல்ல சரிவு. ஜேசிபி விட்டு ரெண்டு நாள்ல சமன் பண்ணி அஸ்திவாரத்தப் போட்டுருங்கன்னு ஊர்ல ஒருத்தர் சொல்றார். தோட்டத்துல சில்வர் ஓக் நெறைய நிக்குது, அதையே வெட்டிக் கட்டிக்கலாமா? எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

தம்பி, தாராளமா கட்டலாம். ஆனா நம்ம ஊர்ப்பக்கம் காசு வர வர கட்டுற வரிசை ஒண்ணு இருக்கு பாருங்க, இந்த வருஷம் அஸ்திவாரம், அடுத்த வருஷம் லிண்டல் வரைக்கும் சுவர், அப்புறம் எப்பவாச்சும் கூரைன்னு, அது மலையில சுத்தமா ஒத்துவராது. தாண்டிக்குடி இருக்கிற கீழ்மலைப் பக்கம் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையிலதான், அதுக்கு முன்னாடி சித்திரை வைகாசியில இடியோட கோடை மழை ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போகும். தலைக்கு மேல ஒண்ணும் இல்லாம நிக்கிற சுவர் இந்த ரெண்டு மழையையும் குடிச்சா உள்ள இருக்கிற மண் கலவை கரைஞ்சு பாசி பிடிச்சு நிக்கும், மறு வருஷம் நீங்க கொண்டு போற காசுல பாதி பழசைச் சரி பண்ணவே போயிரும். அதனால ஒவ்வொரு வருஷ வேலையும் புரட்டாசி முடியுறதுக்குள்ள தனியா நின்னு மழையைத் தாங்குற மாதிரி முடிஞ்சிருக்கணும். மொதல்ல தண்ணிக்கு வழி, அப்புறம் கூரை, அதுக்கப்புறம்தான் சுவர்.

ஜேசிபி பேச்சை இன்னியோட விட்டுருங்க. கொடைக்கானல் தாலுகாவுல மண்ணு வெட்டுற மெஷினுக்கு, போர் போடுற வண்டிக்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கு, அனுமதி இல்லாம ஓட்டினா வண்டியைப் பிடிச்சிருவாங்க, அது ஒரு பக்கம். எனக்குப் பெரிய கவலை வேற. சரிவை மெஷின்ல சமன் பண்றதுன்னா மேல் பக்கம் வெட்டின மண்ணைக் கீழ் பக்கம் தள்ளி ஒரு மேடை ஆக்குறதுதான. பாக்க அழகா தட்டையா இருக்கும், ஆனா அந்த மேடையில பாதி மலையோட சொந்த மண்ணு, மீதிப் பாதி கொட்டி வச்ச மண்ணு. கொட்டின மண்ணு மழைக்கு மழை அமுங்கிக்கிட்டே போகும், வீட்டோட ஒரு பாதி அதோட இறங்கும், சுவர்ல மூலைக்கு மூலை வெடிப்பு ஓடும். மேல் பக்கம் செங்குத்தா வெட்டி விட்ட மண்ணுக்கு அது வரைக்கும் அதைத் தாங்கிக்கிட்டு இருந்த மண்ணு இல்லாமப் போச்சு, ஒரு பெரிய மழை வந்தா வீட்டு முதுகு மேல வந்து உக்காரும். 2009 நவம்பர்ல நீலகிரியில பேஞ்ச மழையில மண்சரிவுல 40 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க, ரோட்டுக்கும் வீட்டுக்கும் வெட்டி விட்ட சரிவு எவ்வளவு பலவீனம்னு அன்னிக்கு எல்லாரும் கண்ணால பாத்தோம்.

சரி, சமன் பண்ணாம எப்படின்னு கேப்பீங்க. வீட்டோட நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கால வைங்க. 12 அடிக்கு 20 அடி அறைன்னு வைங்க, சரிவு 4 அடிக்கு 1 அடி இறங்குதுன்னா, 12 அடிப் பக்கம் சரிவு பாத்து இருந்தா மேலுக்கும் கீழுக்கும் 3 அடிதான் வித்தியாசம். அதே 20 அடிப் பக்கத்தை இறக்கத்துல விட்டா 5 அடி ஆயிரும். அந்த 3 அடியைக் கீழ் பக்கம் அஸ்திவாரக் கல்கட்டை ஒசத்திக் கொண்டாந்துட்டா வேலை முடிஞ்சது, மேல் பக்கம் லேசா மம்பட்டியால செதுக்குனா போதும். அஸ்திவாரக் குழியோட அடி மட்டும் படிப்படியா தட்டையா இருக்கணும், சரிவா இருந்துரக் கூடாது.

எந்த எடத்துல கட்டுறதுங்குறத மழைதான் சொல்லும். அதனால மொத வருஷம் வீட்டுக்குன்னு செங்கல் ஒண்ணு கூட வாங்காதீங்க. ஐப்பசியில நல்லா பேயுற ஒரு நாள் பாத்து குடையோட போய் தோட்டத்துல நில்லுங்க, தண்ணி எந்த வழியா ஓடுது, எங்க தேங்குது, மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் எந்த எடத்துல கசிவு நிக்கலன்னு பாத்து கம்பு நட்டு அடையாளம் வச்சுக்கங்க. கசிவு இருக்கிற எடத்துலயும் அதுக்கு நேர் மேலயும் கட்ட வேணாம். மரங்களையும் பாருங்க, தூரு கிட்ட வளைஞ்சு அப்புறம் நேரா மேல போற மரம் வரிசையா நின்னா, பழைய வேலிக் கல்லெல்லாம் கீழ் பக்கமா சாஞ்சிருந்தா, அந்த மண்ணு வருஷா வருஷம் மெதுவா நகருதுன்னு அர்த்தம், அந்தப் பக்கமே போகாதீங்க. நல்லா இருக்குன்னு தோணுற எடத்துல மார்பளவு ஒரு குழி தோண்டச் சொல்லுங்க. காப்பித் தோட்டத்துல மேல ஒரு அடி ரெண்டு அடி கருப்பா மக்கு மண்ணு இருக்கும், கையில பிடிச்சா பொலபொலன்னு உதிரும், அது செடிக்குத்தான் சொர்க்கம், வீட்டுக்கு ஆகாது. அதுக்குக் கீழ செம்மண்ணு இறுகி, கடப்பாரை போட்டா ‘நங்’குனு சத்தம் வர்ற எடம் வரும் பாருங்க, அஸ்திவாரம் அங்கதான் உக்காரணும்.

எடம் முடிவானதும் அதுக்கு மேல் பக்கம் பத்து பதினஞ்சு அடி தள்ளி ஒரு வாய்க்கால், ஒன்றரை அடி அகலம் ஒரு அடி ஆழம், அடியில கல்லு பாவி, 100 அடிக்கு 1 அடி வாட்டம் குடுத்து ரெண்டு பக்கமும் பிரிச்சு இயற்கையா தண்ணி ஓடுற ஓடையில கொண்டு விடுங்க. பக்கத்துத் தோட்டக்காரர் நெலத்துல திருப்பி விட்டுராதீங்க, பகையும் வரும், அங்க மண்ணும் சரியும். மொத்த வீட்டுலயும் ரொம்ப முக்கியமான வேலை இதுதான், போட்டோவுல தெரியாதுங்குறதால யாரும் செய்யுறதில்ல. அதோட ஒரு கக்கூஸ், கருவி வைக்க ஒரு சின்ன ஷெட், ஷெட்டுக்கு ஒரு தண்ணித் தொட்டி. கக்கூஸுக்கு இரட்டைக் குழி போடுங்க, ஒண்ணு நெறைஞ்சதும் மத்ததுக்கு மாத்தி விட்டுட்டு ரெண்டு வருஷம் மூடி வச்சா நெறைஞ்சது உரமா ஆயிரும். குழி கண்டிப்பா ஊத்துக்கும் கிணத்துக்கும் கீழ் பக்கம், 50 அடியாவது தள்ளி.

இந்த வருஷத்துலயே பேப்பர் வேலையையும் முடிச்சிருங்க. கொடைக்கானல் தாலுகா மலை கிராமங்கள் ஹாகான்னு சொல்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு கட்டுப்பாட்டுல வருது, உங்க சர்வே நம்பரை எடுத்துக்கிட்டு திண்டுக்கல் நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல நேர்ல போய்க் கேளுங்க, புரோக்கர் வாய்ச்சொல்லு வேணாம். பட்டா நிபந்தனைப் பட்டாவா, அதாவது அரசு சில கட்டுப்பாட்டோட குடுத்ததா, ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லை எங்க வருதுன்னும் பாத்துக்கங்க. மரம் வெட்டுறதுக்கு 1955-லயே தனிச் சட்டம் போட்டாச்சு, சொந்தப் பட்டாவுல நிக்கிற மரமா இருந்தாலும் மலையில அனுமதி கேக்கணும். இன்னொண்ணு, தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நெறைய. உங்க தோட்டத்துல பலகைக் கல்லு மூணு நாலு நட்டு மேல ஒரு கல்லு மூடி இருந்தா அஸ்திவாரத்துக்கு ஆகும்னு யாரையும் தொட விடாதீங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நின்ன பொருள் அது, நம்ம கையால போகக் கூடாது.

ரெண்டாவது வருஷம் கல்கட்டும் கூரையும். கூரையை மொதல்ல போட்டுட்டா அதுக்குக் கீழ நீங்க எத்தனை வருஷம் வேணா நிதானமா வேலை செய்யலாம், மரம் காயப் போடலாம், சுடாத செங்கல் மாதிரி மண் கல்லு அறுத்து அடுக்கலாம், மழை வந்தா ஓட வேண்டியதில்ல. தூணு எட்டு, நாலு நாலா ரெண்டு வரிசை. தூணோட காலு மண்ணுக்குள்ளயோ கான்கிரீட்டுக்குள்ளயோ புதையவே கூடாது. கல்லு மேல இரும்புப் பட்டை வச்சு ஒரு அங்குலம் தூக்கி நிப்பாட்டுங்க, கரையானும் ஈரமும் ஏற வழி இல்லாமப் போகும். சுவர் இல்லாத கூரைக்கு இன்னொரு ஆபத்து காத்து. அடியில புகுந்து தூக்கும், மேல் பக்கம் உறிஞ்சி இழுக்கும், ரெண்டும் சேர்ந்தா ஷீட்டு பறந்துரும். 2018 கஜா புயல் கடலோரத்துலேர்ந்து அவ்வளவு தூரம் தாண்டி வந்து கொடைக்கானல் மலையில மரத்தைச் சாய்ச்சுக் கரண்ட்டைப் பிடுங்கிப் போட்டுச்சே. அதனால கல்கட்டுக்குள்ள ஆழமா புதைச்ச 12 எம்எம் கம்பியிலேர்ந்து தூண், உத்தரம், கூரையைத் தாங்குற சாய்வுச் சட்டமான கைமரம் வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு இரும்புப் பட்டையால கட்டிருக்கணும், ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல 45 டிகிரியில முட்டுக் கொடுத்திருக்கணும். வெறும் ஆணியை நம்பாதீங்க.

சில்வர் ஓக் கேட்டீங்க. தூணுக்கு வேணாம். சீக்கிரம் வளர்ற மரம், உள்ள இறுகின வைரக்கட்டை கம்மி, வண்டு அரிக்கும். வெட்டிப் போட்ட கட்டைக்குக் கீழ சலிச்ச மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கும் பாருங்க, அதுதான் வண்டு வேலை. சீலிங் பலகை, உள் தடுப்பு, ஜன்னலுக்கு உள்பக்கச் சட்டம் இதுக்கெல்லாம் அருமையான மரம், அறுத்தா உள்ள மின்னுற மாதிரி ரேகை இருக்கும், அவ்வளவு அழகு. அனுமதி வாங்கி வெட்டினா தை மாசிக்குள்ள வெட்டி உடனே பலகையா அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் ஒன்றரைக்கு ஒண்ணு கணக்குல தண்ணியில கரைச்சு ஊற வச்சு, கூரைக்குக் கீழ பலகைக்குப் பலகை நடுவுல ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) வச்சு அடுக்கிருங்க. ஒரு அங்குலப் பலகை நெழல்ல காய கிட்டத்தட்ட ஒரு வருஷம். பச்சையா அடிச்சா ஆறே மாசத்துல வளைஞ்சு விரல் நுழையுற சந்து விடும். தூணுக்கும் உத்தரத்துக்கும் காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரிச்ச தேக்கு, வேங்கை கெடைக்கும், அதுதான் என் முடிவு, காசு எட்டலன்னா இரும்புப் பைப்.

கூரைக்கு வெறும் ஷீட்டு போட்டா ராத்திரிப் பனியில அடிப்பக்கம் வேர்த்து சொட்டும், படுத்தவன் மூஞ்சியில விழும். வெறும் மங்களூர் ஓடு போட்டா குரங்கு பிரிச்சுப் போட்டுரும், அந்த மலையில குரங்கு இல்லாத தோட்டம் ஏது. அதனால இந்த வருஷம் ஷீட்டு, கையில காசு வர்றப்ப அதுக்கு மேல ரீப்பர் அடிச்சுப் பழைய ஓடு, உள்ள சில்வர் ஓக் சீலிங். ஆனா கைமரத்தை இப்பவே ஓட்டோட கனத்துக்குக் கணக்குப் பண்ணிப் போட்டுருங்க. சதுர மீட்டருக்கு ஓடு 15 வரும், ஒவ்வொண்ணும் ரெண்டரை கிலோ கிட்ட. சாய்வு 30 டிகிரி, எறவாரம் எல்லாப் பக்கமும் 2 அடிக்குக் கொறையாம. எறவாரம் சேத்தா உங்க கூரை மேலேர்ந்து பாக்க 36 சதுர மீட்டர் வரும், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 36 லிட்டர், 1000 மில்லி பேஞ்சா வீண் போனது போக 30,000 லிட்டர் கிட்ட பிடிக்கலாம். போர் போட அலையுறதுக்கு பதிலா ரெண்டு 5,000 லிட்டர் டேங்க் வாங்குங்க.

சுவர் மூணாவது வருஷம். ஜன்னல் மட்டம் வரைக்கும் கல்லு, அதுக்கு மேல மண் கல்லு. வத்தலக்குண்டுலேர்ந்து செங்கல் ஏத்தினா லாரி, அப்புறம் பிக்கப், அப்புறம் தோட்டத்துக்குள்ள தலைச்சுமை இல்லாட்டி குதிரைன்னு ஏத்தி எறக்குற கூலியே கல்லு வெலையை மிஞ்சிரும். உங்க குழியில தோண்டின செம்மண்ணே போதும், ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி மண்ணு மீதி தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி ஒரு நாள் அசையாம வைங்க, மணல் அடியில, வண்டல் நடுவுல, களி மேலன்னு தனித்தனியா படியும். களி ரொம்ப அதிகமா இருந்தா மணல் கலக்கணும், இல்லாட்டி மண் கல்லு காயுறப்ப வெடிக்கும். கல்லு சுவர்ல ரெண்டடி ஒசரத்துக்கு ஒரு தடவை, நாலடிக்கு ஒண்ணுன்னு சுவரோட ரெண்டு முகத்தையும் தொடுற நீளக் கல்லு வைக்கச் சொல்லுங்க, அது இல்லாத சுவர் ரெண்டா பிளந்து வயிறு தள்ளும். மண் சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சு மட்டும். சிமெண்ட் பூசினா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர முடியாம பூச்சு தட்டுத் தட்டா பேந்து விழும். கேரளாவுல சிக்கனமா வீடு கட்டிப் பேர் வாங்கின கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இமயமலையில பித்தோராகர்ல பல வருஷம் இருந்தப்ப கத்துக்கிட்டதும் இதுதான், அந்தந்த எடத்துக் கல்லு மண்ணையும் அந்த ஊர்க் கொத்தனாரையும் நம்புறது. உங்களுக்கும் அங்க காப்பித் தோட்டத்துல கல்லுக்கட்டு போட்டுப் பழகின பெரியவங்க கெடைப்பாங்க, டவுன் மேஸ்திரியை விட அவங்க கை நல்லா இருக்கும்.

தரை, கதவு, அடுப்படி எல்லாம் அதுக்கப்புறம் உங்க இஷ்டம், எதுவும் அவசரமில்ல. ஒண்ணு மட்டும் அவசரம், குளிருதுன்னு கரி அடுப்பை அறைக்குள்ள வச்சு கதவைச் சாத்திட்டுத் தூங்குற பழக்கம் டூர் போறவங்க கிட்ட இருக்கு, அந்தப் புகையில வாசனையே இல்லாத விஷ வாயு உண்டு, தூக்கத்துலயே உசுரு போயிரும். புகைபோக்கி கட்டாம உள்ள நெருப்பு வேணாம், மேல ரெண்டு எதிரெதிர்ச் சுவர்ல மூட முடியாத வென்டிலேட்டர் விடுங்க.

இப்போதைக்கு அந்த மார்பளவு குழியைத் தோண்டி ஒரு அளவுக் கம்பை உள்ள நிப்பாட்டி போட்டோ எடுத்து அனுப்புங்க, மண்ணு படிஞ்சிருக்கிற நெறம் தெரியுற மாதிரி காலை வெளிச்சத்துல எடுங்க. மழையில கம்பு நட்ட எடத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு சேத்து அனுப்பினீங்கன்னா அஸ்திவாரம் எத்தனை அடி, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்றேன்.