தசைக்கு மேலா, அடியிலா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, ஒல்லியான உடல்வாகு, காப்பித் தோட்டத்தில் வேலை. புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கீமோ முடிந்துவிட்டது, கதிர்வீச்சு தேவைப்படவில்லை. சேலத்தில் பார்த்த டாக்டர் சிலிகான் இம்பிளான்ட் (மார்பக வடிவம் தர உள்ளே வைக்கும் பை) வைக்கலாம் என்கிறார். தெரிந்தவர்களோ உப்புத் தண்ணீர்ப் பைதான் ஆபத்தில்லாதது என்கிறார்கள். எதை வைப்பது, மார்புத் தசைக்கு மேலா, அடியிலா என்று கேட்கிறார்.

உப்புத் தண்ணீர்ப் பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கிழிந்தால் சில நாளிலேயே சுருங்கி, பார்த்தாலே தெரிந்துவிடும். கசிந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிகான் ஜெல் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் தொந்தரவே இல்லாவிட்டாலும் 5, 6 வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அப்புறம் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் உப்புத் தண்ணீர்ப் பையின் உறையும் சிலிகான்தான் என்பது பலருக்குத் தெரியாது. மார்பகம் எடுத்த இடத்தில் பையை மூடிக்கொள்ளச் சதை இருக்காது, தோல்தான் இருக்கும். அங்கே தண்ணீர்ப் பையின் மடிப்புகள் அப்படியே தெரியும். உங்கள் உடல்வாகுக்கு நான் சிலிகான் ஜெல்லைத்தான் சொல்வேன்.

மேற்பரப்பு வழுவழுப்பானதா என்று கேட்டுவிடுங்கள். சொரசொரப்பான உறையோடு ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புடையது. அதனால் அல்லெர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. வைத்த இம்பிளான்ட்டின் பெயரும் எண்ணும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, இடம். தோல் தடிப்பாக, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருந்தால் தசைக்கு மேலேயே வைக்கலாம். வலி குறைவு, கையை அசைக்கும்போது தசை இம்பிளான்ட்டை இழுக்கவும் செய்யாது. தோல் மெலிந்திருந்தால் விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும். அப்போது மார்புத் தசையைப் போர்வை மாதிரி மேலே விடுவதுதான் நல்லது. அதற்கும் ஒரு விலை உண்டு: கையை ஊன்றித் தள்ளும்போதும் மூட்டையை இறுக்கித் தூக்கும்போதும் தசை சுருங்கி, இம்பிளான்ட் இழுபடுவது வெளியே தெரியும். சிலருக்கு அது பெரிய சங்கடம். பழம் பறிப்பது மட்டுமா, மண்வெட்டி பிடிக்கிறீர்களா, மிளகு பறிக்க ஏணி ஏறுகிறீர்களா என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைவிட அது அவருக்கு அதிகம் உதவும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தசைக்கு அடியில்தான் என்று எனக்குப் படுகிறது. தோலைக் கிள்ளிப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும்.

கதிர்வீச்சு, அதாவது 'கரண்ட் வைத்தது', உங்களுக்கு இல்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். கரண்ட் வைத்த தோலில் இம்பிளான்ட்டைச் சுற்றி உடம்பு உண்டாக்கும் தழும்புச் சவ்வு இறுகிக் கல்லாவது அதிகம். கரண்ட் வைத்தவர்கள் தங்கள் வயிற்றுச் சதையிலோ முதுகுச் சதையிலோ மார்பகம் அமைப்பது பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வருவதில்லை; உங்கள் வயதுக்கு இன்னொரு ஆபரேஷன் வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதோடு, ஒட்டிப்போன தோலை விரிக்க முதலில் எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை வைத்து, சில வாரங்களுக்குப் பல தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் நீர் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது பளு தூக்கவும் கூடாது. அதனால் தேதியைப் பழம் பறித்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.