போன் ஆப்பில் 148 கி.மீ. காட்டினால் அது நிஜமாகவே 148தானா?

கேள்வி இதுதான்: புதுவயல் பக்கம் ஒரு பொட்டலில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வேகமாகப் போடும் பையனுக்கு போன் ஆப் மணிக்கு 148 கி.மீ. காட்டுகிறது. நம்பலாமா? நம்பினால், டிவியில் பார்க்கும் பவுலர்களோடு அவனை ஒப்பிடலாமா?

148 இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் அந்தப் பையன் நல்ல வேகமாகப் போடுகிறவனாக இருக்கலாம். ஆப் பொய் சொல்கிறது என்பதற்காக அவன் திறமையையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். நான் காரைக்குடியில் இயற்பியல் சொல்லித் தருகிறவன். சாயங்காலமானால் பையன்களோடு மைதானத்தில் நிற்பேன். இந்த நம்பர் மோகத்தில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த வேகத்தைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, பந்து எந்த இடத்தில் இருக்கும்போது அளந்தது என்பதுதான். டிவியில் காட்டுவது பந்து கையை விட்டுக் கிளம்பும் நேரத்து வேகம். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு காற்று பிடித்து இழுக்கும். லெதர் பந்து பிட்ச் ஆவதற்குள்ளேயே, அதாவது தரையில் படுவதற்குள்ளேயே, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும். தரையில் பட்டதும் இன்னும் குறையும். 150 என்று திரையில் வரும் பந்து பேட்டுக்கு வரும்போது 150 இல்லை.

உங்கள் ஆப் அப்படி அளப்பதில்லை. பந்து கையை விட்ட நேரத்தையும் பேட்டருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் வீடியோவில் தொட்டுக் காட்டச் சொல்லும், தூரத்தை நேரத்தால் வகுக்கும். வருவது சராசரி வேகம். இதில் தப்பு நுழைய இரண்டு பெரிய வாசல் இருக்கிறது.

ஒன்று தூரம். ஆப்பில் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் உள்ள தூரம். பவுலர் முன் கிரீஸில், அதாவது ஸ்டம்புக்கு முன்னால் போட்ட கோட்டில், காலை ஊன்றிப் பந்தை விடுகிறார், பேட்டர் எதிர் கிரீஸில் நின்று ஆடுகிறார். நடுவில் இருப்பது 17.68 மீட்டர்தான். இந்த ஒரு தப்பிலேயே 130 என்பது 148 ஆகிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் பிட்சை டேப் வைத்தா அளக்கிறோம்? ஒரு பையன் 22 எட்டு வைப்பான், குச்சியை நட்டுவிடுவோம். ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 18 மீட்டர் வந்தால் கிரீஸுக்குக் கிரீஸ் 15.5 மீட்டர் சொச்சம். அந்தப் பிட்சில் ஆப் காட்டிய 148, சராசரியாக 115 பக்கம் வந்து நிற்கும்.

இன்னொன்று ஃபிரேம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். வேகமான பந்து இந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது, பதின்மூன்று பதினான்கு படத்தில் கதை முடிந்துவிடும். ஒரு படம் தள்ளித் தொட்டால் போதும், 10 கி.மீ. ஏறும் அல்லது இறங்கும். நண்பர்கள் எந்தப் பக்கம் தள்ளித் தொடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சராசரி வேகம் எப்போதும் கையை விடும் வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதும் உண்மை. அதனால் கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எது எவ்வளவு என்று தெரியாமல் ஒன்றை இன்னொன்றால் அடிக்க முடியாது.

டென்னிஸ் பந்து என்றால் சிக்கல் இன்னும் கூடும். லெதர் பந்து சுமார் 160 கிராம், டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை, மேலே பஞ்சு வேறு. காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். நான் போட்டுப் பார்த்த கணக்கில், பிட்ச் ஆவதற்குள் வேகத்தில் கால்வாசி போய்விடுகிறது. ஆகவே டென்னிஸ் பந்து நம்பரையும் லெதர் பந்து நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

சரி, ஊரிலேயே ஓரளவு ஒழுங்காக அளக்க முடியுமா? முடியும். போனில் ஸ்லோமோஷனை 240 ஃபிரேமில் வையுங்கள். கையில் பிடிக்காமல், பிட்சுக்குச் சரி பக்கவாட்டில், தள்ளி ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பேட்டர் வரை அளக்காதீர்கள், பந்து பிட்ச் ஆகும் இடம் வரை அளங்கள். இதற்கு நம் செம்மண் பெரிய உதவி. பந்து பட்டதும் புழுதி கிளம்பும், அந்த ஃபிரேமைத் தேட வேண்டியதே இல்லை. மண்ணில் தடமும் விழுந்திருக்கும். முன் கிரீஸிலிருந்து அந்தத் தடம் வரை டேப் பிடியுங்கள். சிரமம் கையை விடும் ஃபிரேமில்தான். விரலுக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் முதல் ஃபிரேமை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பந்துக்கும் அதே முறை.

உதாரணத்துக்கு, 15.2 மீட்டர், 103 ஃபிரேம் என்று வையுங்கள். 103ஐ 240ஆல் வகுத்தால் 0.429 நொடி. சராசரி வேகம் 127 கி.மீ. பக்கம். லெதர் பந்து என்றால் இதோடு ஐந்து சதவீதம் கூட்டினால் கையை விடும் வேகம் வரும், 133 அல்லது 134. டென்னிஸ் பந்து என்றால் பதினைந்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். இதில் ஒரு ஃபிரேம் தப்பினாலும் ஒன்றரை கி.மீ.கூட மாறாது.

ஸ்பீடு கன் (ரேடார் அலையால் வேகம் அளக்கும் கருவி) கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழாப் போட்டிக்கு வாடகைக்கு எடுத்து வந்தார்கள். வெயிலுக்குப் பயந்து, பவுண்டரி ஓரத்துப் பந்தலுக்குள் உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்து பிடித்தார்கள். ரேடார் கன் அனுப்பும் அலை பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறும், அந்த மாற்றத்திலிருந்துதான் வேகம் கிடைக்கிறது. ஆனால் கருவியை நோக்கி வரும் வேகமோ விலகிப் போகும் வேகமோதான் அதற்குத் தெரியும். 30 டிகிரி கோணத்தில் நின்றால் 130 கி.மீ. பந்து 113 என்று காட்டும். அன்றைக்கு நன்றாகப் போட்ட பையன், “அண்ணே, நூறைத் தாண்ட மாட்டேங்குதே” என்று வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. கருவி பவுலருக்கு நேர் பின்னால் அல்லது நேர் எதிரே, பந்து போகும் கோட்டிலேயே இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாத போட்டியில் ஸ்பீடு கன் வேண்டாம் என்பதே என் கருத்து.

பெரிய மைதானங்களிலும் கருவி தவறும். 2020 அண்டர் 19 உலகக் கோப்பையில் இலங்கையின் பதிரனா போட்ட ஒரு வைடுக்கு 175 காட்டியது. 2022இல் அயர்லாந்தில் புவனேஷ்வர் குமாருக்கு 201 வந்தது. 2024 அடிலெய்டு டெஸ்ட்டில் சிராஜுக்கு 181.6. மூன்றையும் யாரும் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது, 2003 உலகக் கோப்பையில் கேப்டவுனில் இங்கிலாந்தின் நிக் நைட்டுக்கு பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் போட்ட 161.3. அடுத்து ஆஸ்திரேலியாவின் பிரெட் லீயும் ஷான் டெய்ட்டும், இருவருக்கும் 161.1. இந்த 0.2 வித்தியாசத்தை வைத்து அக்தர்தான் வேகம் என்று அடித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கருவியின் பிழையே அதைவிடப் பெரிது. மூவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் அந்தப் பட்டியல் சொல்வது.

பழைய ஆட்களை ஒப்பிடுவது இன்னும் கடினம். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சனுக்கு 1975இல் பெர்த்தில் அதிவேக கேமரா வைத்து அளந்தபோது 160ஐத் தாண்டியது. 1979இல் நடந்த வேகப் போட்டியில் அவரே முதலிடம், ஆனால் 147.9. மைக்கேல் ஹோல்டிங் 141.3, இம்ரான் கான் 139.7. தாம்சனின் வேகம் எது என்று கேட்டால் நான் இரண்டையும் சொல்வேன். நடுவில் அவர் தோளில் பலத்த அடி வாங்கியிருந்தார், அளந்த முறையும் வேறு. அந்த 1979 போட்டியில் எனக்கு மதிப்பாகப் படுவது நம்பர் இல்லை, வரிசை. ஒரே போட்டியில், ஒரே முறையில் எல்லோரையும் அளந்தார்கள், அதனால் அவர்களுக்குள் யார் வேகம் என்பதை நம்பலாம்.

அப்புறம், பேட்டருக்கு நம்பர் மட்டும் வேகம் இல்லை. பும்ரா மாதிரி கையை நன்றாக முன்னால் நீட்டி விடுகிறவர் ஒரு அடி கூடுதலாக முன்னால் வந்து விட்டாலே, 140 பந்து 142 பந்தின் நேரத்தில் வந்து சேரும். எந்த ஸ்பீடு கன்னும் இதைக் காட்டாது.

உங்கள் பையனிடம் ஆப்பில் 150 காட்டுவதற்காகத் தினமும் முழு மூச்சில் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் வரும் விரிசல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அதிகம் வரும் ஆபத்து. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் அதனால் ஆட்டத்தை விட்டு ஒதுங்கி, உடம்பைத் தேற்றித் திரும்ப வேண்டியிருந்தது. 2024 ஐபிஎல்லில் 156.7 போட்ட மயங்க் யாதவும் அதே சீசனிலேயே காயத்தால் வெளியே போனார். முதுகில் வலி என்று பையன் சொன்னால் தைலம் தேய்த்து மறுநாளும் போடச் சொல்லாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் அவனை அவனோடு ஒப்பிடுங்கள். அதே பிட்ச், அதே போன், அதே இடத்தில் ஸ்டாண்ட், புதுப் பந்து. ஒரு நாளைக்கு ஆறு பந்து எடுத்து, மிக வேகமானதையும் மிக மெதுவானதையும் விட்டுவிட்டு மீதி நான்கின் சராசரியை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், மாதம் ஒரு முறை போதும். மாவட்டத் தேர்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே லெதர் பந்துக்கு மாறி, முதல் பக்கத்திலிருந்து புதிதாக எழுதட்டும். இந்திய அணிக்கு ஆடிய சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பந்தில் தொடங்கியவர்தான். மாவட்டத் தேர்வில் தேர்வாளர்கள் ஆப் நம்பரைக் கேட்க மாட்டார்கள், லெதர் பந்தைக் கையில் கொடுத்து ஒரு ஓவர் போடச் சொல்வார்கள்.