அந்த வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது?

கேள்வி: போன புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்று இருந்தது. என் கணவருக்கு அப்போது புற்றுநோய். சபையே அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தது. ஆகஸ்டில் அவர் போய்விட்டார். அதே நோய் வந்த பக்கத்துத் தெரு அக்கா சுகமாகி, "கர்த்தர் எனக்கு ஜெயம் கொடுத்தார்" என்று ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. "யோசபாத் மாதிரி முதலில் துதிக்க வேண்டும், அப்புறம்தான் ஜெயம். உங்கள் வீட்டில் துதி குறைந்துபோயிற்று" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதனால்தான் தோற்றோமா?
– ஒரு சகோதரி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, இல்லை. அதனால் இல்லவே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

யூதாவின் ராஜா யோசபாத் எதிரிப் படையைச் சந்தித்த கதை 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களிடம் அப்படிச் சொன்னவர் அதைப் பாதியிலிருந்து படித்திருக்கிறார். பாடகர்கள் துதித்துக்கொண்டு படைக்கு முன்னால் நடந்தது 21ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, 12ஆம் வசனத்தில், "எங்களுக்குப் பெலனில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று ராஜா ஜனங்கள் முன்னிலையில் கைவிரித்துவிட்டார். யுத்தம் பண்ணுகிறவர்கள் நீங்கள் அல்ல என்ற வாக்கு 17இல் வந்துவிட்டது. பாட்டு அதற்குப் பிறகுதான். துதியை முன்பணமாகக் கட்டி வெற்றியை வாங்கிய கதை அங்கே இல்லை.

சரி, அட்டைக்கு வருவோம். இந்த அட்டை வழக்கம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நெருடல்தான். ஒரு வசனத்தை அதன் சங்கீதத்திலிருந்து கத்தரித்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். உங்களுக்கு வந்தது சங்கீதம் 118:17. பஸ்கா இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூதர் வழக்கம். 118 கடைசியில் வரும், சாப்பாட்டுக்குப் பிறகு. இயேசுவும் சீஷரும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறதே, அது இந்தப் பாட்டுதான் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உங்கள் அட்டையில் இருந்த அதே வரியை அவர் பாடியிருக்கிறார். மறுநாள் மாலைக்குள் அவரைக் கல்லறையில் வைத்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை, அவருடைய தாய் மரியாளிடம் யாராவது இந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த வரிக்குப் பதில் மூன்றாம் நாள்தான் வந்தது. நாம் ஜெயம் என்று பாடுவது அந்தக் காலையைத்தான். பவுலும் இதையே சொல்கிறார். நமக்கு ஜெயங்கொடுக்கிற தேவனுக்கு ஸ்தோத்திரம் என்ற வார்த்தை வருவது 1 கொரிந்தியர் 15இல். அடக்க ஆராதனையில் வழக்கமாக வாசிக்கிற அதிகாரம் அது. உங்கள் கணவருக்கும் வாசித்திருப்பார்கள், அன்றைக்கு உங்கள் காதில் விழுந்திருக்காது. சவப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிற ஜெயம் அது. ஸ்கேன் ரிப்போர்ட் நன்றாக வந்தால் ஜெயம், இல்லாவிட்டால் தோல்வி என்று நாம் பேசப் பழகியது பிற்பாடு.

அந்த அக்காவின் சாட்சி பொய்யல்ல. அப்போஸ்தலர் 12ஐ எடுத்துப் பாருங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவை 16 போர்ச்சேவகர் காவல் காத்தும் தூதன் வெளியே கூட்டிவந்தான். இரண்டும் ஒரே அதிகாரம், ஒரே சபை. பேதுரு வந்து கதவைத் தட்டினபோது அந்த வீட்டில் எத்தனை சந்தோஷம் இருந்திருக்கும்! ஆனால் யாக்கோபின் வீட்டில் துதி குறைந்துபோயிற்று என்று இதை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் ஒருவர் போனார், ஒருவர் வந்தார் என்றும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

வாய் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் பாடட்டும், சபை என்பது அதற்கும்தான். சங்கீதம் 88 ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமலே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம், மனது இடம் கொடுக்கிற ஒரு நாளில் அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். அடுத்த பரிசோதனைத் தேதி நெருங்கும்போது அவருக்கும் தூக்கம் வராது. கைதட்டினவர்களிடம் அதைச் சொல்ல அவரால் முடியாது, உங்களிடம் முடியலாம்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். வேதாகமத்தில் 118 இருக்கிற பக்கத்தில் வைத்துவிட்டு, 17ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 25 வரை படியுங்கள். "கர்த்தாவே, இரட்சியும்" என்று அங்கே ஒரு கூப்பாடு வருகிறது. குருத்தோலை ஞாயிறன்று நாம் உற்சாகமாகப் பாடுகிறோமே ஓசன்னா, அது பிறந்தது இந்தக் கூப்பாட்டிலிருந்துதான். இவ்வளவு பெரிய வெற்றிப் பாட்டின் நடுவில், காப்பாற்று என்று ஒரு அழுகை. இப்போதைக்கு உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருமென்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

வருகிற ஆகஸ்டில் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் வைப்பீர்கள் அல்லவா? அதில் இந்தச் சங்கீதத்தை முழுவதுமாக வாசிக்கும்படி உங்கள் போதகரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.