பொன்னுக்கு வீங்கி 'கீழே இறங்கினால்' குழந்தை பிறக்காதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 33. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன ஞாயிறன்று காய்ச்சலோடு வலது காதடி வீங்கியது. இரண்டு நாளில் இடப்பக்கமும் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. "பொன்னுக்கு வீங்கி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று மாமியார் வாசலில் வேப்பிலை செருகி, நாமக்கட்டிப் பற்றுப் போட்டு, தன் தங்கச் சங்கிலியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "ஆண்களுக்கு வந்தால் கீழே இறங்கிவிடும், அப்புறம் குழந்தை பிறக்காது" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இதைப் பற்றிக் கேட்டாலே கணவர் பேச்சை மாற்றுகிறார். எனக்குச் சிறுவயதிலேயே இது வந்துவிட்டதாக அம்மா சொல்கிறார். என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் கணவரின் கன்னம் பெரும்பாலும் வடிந்திருக்கும். ஆனால் பெரியவர்களுக்கு இந்நோய் வந்தால், கன்னம் வடியத் தொடங்கும் நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் 'கீழே இறங்கும்' விஷயத்தையே முதலில் பேசிவிடுவோம்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை. காதருகே வீங்கியவர்களில் சிலருக்குப் பின்னர் விரையும் வீங்கி வலித்ததை, கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் பார்த்து ஹிப்போகிரட்டஸ் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் எதுவும் மேலிருந்து கீழே இறங்குவதில்லை. வைரஸ் இரத்தத்தில் கலந்து பல உறுப்புகளுக்கும் போகிறது. காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி முதலில் வீங்குகிறது, அவ்வளவுதான். பைக் ஓட்டியதாலோ குளித்ததாலோ அது விரைக்குப் போய்விடாது.

தடுப்பூசி போடாத வயதுவந்த ஆண்களில், இந்நோய் கண்ட 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கலாம். பெரும்பாலும் கன்னம் வீங்கி நான்கு முதல் எட்டு நாட்களுக்குள் வரும். சிலருக்குச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். போன காய்ச்சல் குளிரோடு திரும்ப வரும், ஒரு பக்கம் சிவந்து கனத்து வலிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு விரை மட்டுமே பாதிக்கப்படுகிறது. பின்னாளில் அது சற்றுச் சுருங்கினாலும் மற்றொன்று வேலை செய்யும். இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குக்கூட விந்தணு எண்ணிக்கை குறையலாமே தவிர, குழந்தையே பிறக்காமல் போவது அரிது.

இந்த வீக்கத்துக்கு ஓய்வு, இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ், வலி மாத்திரை ஆகியவைதான் மருத்துவம். ஆனால் இது வீட்டில் வைத்துப் பார்க்கும் வலி அல்ல. விரை முறுக்கிக்கொண்டாலும் இதே போலத்தான் வலிக்கும். அதை ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடும். எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து. உங்கள் கணவர் வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்து அங்கேதான். இந்தப் பக்கத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பயத்தில் இப்போதே விந்தணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். எந்தக் கடும் காய்ச்சலுக்குப் பிறகும் எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். விரை வீங்கியிருந்தால் மட்டும், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம்.

சரி, இது பொன்னுக்கு வீங்கிதானா? காய்ச்சலோடு தொடங்கி ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் வீங்கியது என்கிறீர்கள், அநேகமாக ஆம். நேருக்கு நேர் நின்று பார்த்தால் காது மடலின் நுனி மேலும் வெளியுமாகத் தள்ளப்பட்டிருக்கும், தாடை எலும்பின் மூலை வீக்கத்தில் மறைந்திருக்கும். ஊறுகாயை நினைத்தாலே காதடியில் சுரீர் என்று இழுக்கும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது எனக்கே இது வந்து, கடைவாய்ப் பல் வலி என்று இரண்டு நாள் கிராம்பு கடித்துக்கொண்டு திரிந்தேன்! ஒரு பக்கம் மட்டும், அதுவும் சாப்பிடும்போதெல்லாம் வீங்கி வடிந்தால் உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். தோல் சிவந்து வாய்க்குள் சீழ் வந்தால் அது பாக்டீரியாத் தொற்று, அதற்குத்தான் ஆன்டிபயாடிக். வாரக்கணக்கில் வலியில்லாமல் நிற்கும் கட்டியை 'பொன்னுக்கு வீங்கி' என்று சொல்லித் தள்ளிப்போடவே கூடாது. சந்தேகம் இருந்தால் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் பார்க்கலாம்.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக் குறைக்காததில் வியப்பில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். மதுப் பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதையும் தொடாதீர்கள். கஞ்சி, குழைந்த சாதம், இளநீர் கொடுங்கள். நலம் விசாரிக்க வருபவர்கள் வாங்கிவரும் சாத்துக்குடியை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைத்து வலியைக் கூட்டும்.

கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது — இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. காது விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

வீக்கம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கி ஐந்து நாள் வரை இது பிறருக்கு அதிகமாகப் பரவும். அந்த ஐந்து நாளும் கம்பெனிக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும். உடன் வேலை செய்பவர் யாருக்காவது அடுத்த மூன்று வாரத்தில் கன்னம் வீங்கினால் வியப்படையாதீர்கள். தொற்றியதற்கும் வீக்கத்துக்கும் இடையே பொதுவாக 16 முதல் 18 நாட்கள், சிலருக்கு 25 நாட்கள் வரை ஆகும்.

உங்களுக்கு உண்மையிலேயே ஒருமுறை வந்திருந்தால் மறுபடி வருவது அபூர்வம். ஆனால் அம்மாவின் நினைவை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போட்டால் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். நாளை குழந்தை பிறந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: அரசுத் திட்டத்தில் 2017 முதல் தமிழ்நாட்டில் போடப்படுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்ஆர். பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான பகுதி அதில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் எம்எம்ஆர் என்று கேட்டுப் போட வேண்டும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். வேப்பிலை இருக்கட்டும், நாமக்கட்டியும் இருக்கட்டும். சுண்ணாம்பு மட்டும் பூசாதீர்கள், தோல் வெந்துவிடும். தங்கச் சங்கிலியையும் இரவில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், வீங்கிய இடத்தில் கொக்கி அழுத்தும்.