கிணற்றடியில் கிடக்கும் பழைய சோலார் பனல்: எதற்குப் பயப்பட வேண்டும்?

இலங்கையின் வன்னியில் உள்ள விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மீள்குடியேறிய காலத்தில், கரண்ட் வருவதற்கு முன்னம் கிடைத்த 100 வாற் சோலார் பனல்கள் நாலு வீட்டில் இருக்கின்றன. இரண்டின் கண்ணாடி வெடித்துவிட்டது. வெடிக்காத இரண்டில் ஒன்று பற்றறியை ஏற்றுவதேயில்லை. நாலையும் கிணற்றடியில் சாத்தி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இரண்டு பழைய பற்றறிகளும் கிடக்கின்றன. கண்ணாடிக்குள் நஞ்சு இருக்கிறது, மாரி மழைக்குக் கிணற்றில் இறங்கும் என்று சனம் சொல்கிறது. பழைய இரும்பு எடுப்பவர் அலுமினியச் சட்டத்தை மட்டும் கழற்றித் தந்தால் காசு தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு."

சட்டத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிணற்றைப் பார்ப்போம்.

100 வாற் பனல் ஒன்று ஏறக்குறைய எட்டுக் கிலோ. அதில் ஐந்து கிலோவுக்குக் கிட்ட வெறும் கண்ணாடி. அலுமினியச் சட்டம் ஒன்றரைக் கிலோவுக்குள். மிச்சம் பிளாஸ்ரிக் படலம், சிலிக்கன், கொஞ்சம் செம்பு. சனம் சொல்லும் நஞ்சு ஈயம்தான். சிலிக்கன் துண்டுகளைத் தொடுக்கும் மெல்லிய பட்டிகளின் பற்றாசில் அது இருக்கிறது, பனலுக்குச் சில கிராம். அதுவும் வெளியே இல்லை. வாகனத்தின் முன்கண்ணாடி வெடித்தாலும் உதிராமல் ஒட்டி நிற்பதுபோல, பனலின் கண்ணாடியும் உள்ளே உள்ள பிளாஸ்ரிக் படலத்தில் ஒட்டியே நிற்கும். வெடிப்பு வழியே தண்ணீர் மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். இதுவரை சாத்தி வைத்திருந்ததால் கிணறு கெட்டுப்போயிருக்கும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் உடைத்துத் தூளாக்கினாலோ, குழி வெட்டித் தாட்டாலோ, எரித்தாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். எரிப்பதுதான் மிக மோசம். பல பனல்களின் பின்பக்க வெள்ளைத் தாளில் புளோரின் கலந்த பிளாஸ்ரிக் இருக்கிறது. அதை நெருப்பில் போட்டால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது பக்கத்தில் கிடக்கும் பற்றறிகளுக்கு. 12 வோல்ற், 100 அம்பியர்மணி ஈயப் பற்றறி ஒன்று 25 கிலோவுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஈயம், போதாததற்குக் கந்தக அமிலம். பனலின் ஈயத்தைக் கிராமில் எண்ணினால் பற்றறியின் ஈயத்தைக் கிலோவில் எண்ண வேண்டும். கோது வெடித்து அமிலம் கசிந்தால் ஈயமும் சேர்ந்தே மண்ணுக்குள் போகும். ஆகவே முதல் வேலை பற்றறி. இன்றைக்கே கிணற்றடியிலிருந்து எடுத்து, மூடிகளை இறுக்கி, நிமிர்த்தியபடி ஒரு பிளாஸ்ரிக் தட்டுக்குள் வைத்துக் கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள். றப்பர் கையுறை போடுங்கள். அமிலம் சிந்திய இடத்தில் அப்பச்சோடா அல்லது சுண்ணாம்பு தூவுங்கள். நுரை அடங்கியதும் அந்த மண்ணை அள்ளி மூடியுள்ள வாளியில் போட்டு, பற்றறியோடு வையுங்கள்.

வாங்க வருகிறவர்கள் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: "தண்ணியை ஊத்திப்போட்டு வையுங்கோ, வந்து எடுக்கிறன்." அவர் தண்ணீர் என்பது அமிலத்தை. வெறும் பற்றறிக்குத்தான் அவர் நிறை பார்ப்பார், தன் வாகனத்திலும் அமிலம் சிந்தக்கூடாது. அந்த அமிலத்தையும் அதில் கரைந்த ஈயத்தையும் உங்கள் வளவில் விட்டுவிட்டுப் போவதுதான் அவருடைய வியாபாரம். ஊற்றச் சொல்பவருக்கு எந்த விலைக்கும் கொடுக்க வேண்டாம். புதிய பற்றறி வாங்கும் கடையில் பழையதை ஊற்றாமல் அப்படியே கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கப் பற்றறித் தட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் இல்லை என்றே சொல்லுங்கள். வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கினால் அதன் புகையும் தூளும் வீடு முழுக்கப் படியும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

இனி அலுமினியச் சட்டம். பனலில் சுலபமாகக் காசாகக்கூடியது அந்த ஒன்றரைக் கிலோ அலுமினியமும் வயர்த்துண்டும்தான். மீள்சுழற்சி செய்கிற இடத்தில் கண்ணாடியையும் சிலிக்கனையும் பிரிக்கிற செலவைக் கொஞ்சமாவது ஈடுகட்டுவது அந்த அலுமினியம். அதை உருவி எடுத்துவிட்டால் மிச்சத்தை ஒருவரும் ஏற்கமாட்டார்கள், ஆறு கிலோவுக்கு மேற்பட்ட கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் காலம் முழுக்க உங்கள் தலையில். விளிம்பில் சட்டம் இல்லாத கண்ணாடி தூக்கும்போதே நொறுங்கும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் கொத்தித் தின்னும் கோழிக்கும் அது ஆபத்து. கொடுத்தால் முழுப் பனலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வைத்திருங்கள். பனல் கூரைக்குக் கீழே பல வருடம் காத்திருக்கும், பற்றறி காத்திருக்காது.

உள்ளே வெள்ளி இருக்கிறது என்று சொல்லி வருகிறவர்களும் உண்டு. இருக்கிறதுதான், பனலுக்குச் சில கிராம். எடுக்க நைத்திரிக் அமிலம் வேண்டும். கொல்லைப்புறத்தில் அதைச் செய்தால் எழும் மண்ணிறப் புகை ஆளைப் படுக்கையில் போடும். அவர்களை வளவுக்குள் விடாதீர்கள்.

உங்கள் நாலில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்: கண்ணாடி நல்லாக இருந்தும் பற்றறியை ஏற்றாத பனல். அது செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் வன்னியில் விழும் இடிமின்னலுக்குப் பனலில் முதலில் போவது பின்பக்கக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் டயோட், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சின்ன உறுப்பு. நல்ல வெயிலில், மத்தியானம், பனலை ஒன்றுடனும் இணைக்காமல் மல்ரிமீற்றரை நேரோட்ட (DC) வோல்ற்றில் வைத்து இரண்டு வயர்களிலும் பிடியுங்கள். பின்பக்கம் 22 வோல்ற் என்று ஒட்டியிருந்தாலும் எங்கள் வெயிலில் சூடேறிய பனல் 19, 20 காட்டும். அது சரிதான், சூடு ஏற ஏற வோல்ற் இறங்கும். 10 வோல்ற் அளவில் நின்றால், அதாவது கிட்டத்தட்டப் பாதி, டயோட்டைச் சந்தேகப்படுங்கள். 36 துண்டுப் பனலில் வழக்கமாக இரண்டு டயோட்கள், ஒவ்வொன்றும் பாதித் துண்டுகளைக் காக்கிறது. ஒன்று எரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் அந்தப் பாதியின் மின்சாரம் டயோட்டுக்குள்ளேயே சுற்றும். மிச்சம் உள்ள 10 வோல்ற் 12 வோல்ற் பற்றறியை ஏற்றாது.

ரேடியோ, தொலைபேசி திருத்துகிற யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்கலாம். கண்ணாடி முகத்தைத் தறப்பாளால் மூடி, பனலைக் குப்புறக் கவிழ்த்து, பெட்டியைத் திறந்து, டயோட்களில் ஒன்றின் ஒரு காலை மட்டும் வெட்ட வேண்டும். பிறகு வெயிலுக்குத் திருப்பி அளக்க வேண்டும். 20 வோல்ற்றுக்கு ஏறினால் கள்ளன் அகப்பட்டுவிட்டான். ஏறாவிட்டால் அந்தக் காலை மறுபடி ஒட்டி, மற்றதை வெட்டிப் பார்க்க வேண்டும். 10 அம்பியர், 45 வோல்ற் ஷொட்கி டயோட் ஒன்றைக் கோடு போட்ட பக்கம் மாறாமல் பற்றாசு வைத்து, பெட்டியின் விளிம்பைச் சிலிக்கன் பசையால் அடைத்தால் வேலை முடிந்தது. இரண்டு டயோட்டும் நல்லதென்றால் மாத்திரம் பனல் முடிந்ததாக எடுங்கள். வெடித்த இரண்டையும் எப்படியும் திரும்பக் கூரையில் ஏற்ற வேண்டாம். ஈரம் புகுந்த பனல் ஓரிடத்தில் சூடேறி எரியக்கூடும், கிடுகுக் கூரைக்கு அது போதும்.

"உடைந்ததைத் தாங்கோ, 200 வாற் பனல் மாத்தித் தாறன்" என்று ஒருவர் வந்தால் நாடாவை எடுத்து அளவுங்கள். ஒரு சதுர மீற்றரில் விழும் வெயில், உச்சத்தில், ஏறக்குறைய 1000 வாற். உங்கள் பழைய பனல் அதில் 15 வீதத்தை எடுக்கும், இன்றைய நல்ல பனல் 22 வீதம். 1.2 மீற்றர் நீளமும் 54 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பனல் இன்றைய நல்ல பனலானாலும் ஏறக்குறைய 140 வாற்தான். அந்த அளவில் 200 வாற் என்று எழுதியிருந்தால் அது மாற்றி ஒட்டிய லேபல்.

வெடித்த பனல்களைத் தடித்த தோல் கையுறையோடு எடுத்து, கண்ணாடி முகத்தில் அகலமான ரேப் ஒட்டி, தறப்பாளில் சுற்றிக் கட்டி, பலகையின் மேல் நீளப் பக்கமாக நிறுத்துங்கள். இரண்டு வயர் நுனிகளையும் வெவ்வேறாக இன்சுலேசன் ரேப்பால் மூடுங்கள். வெளிச்சம் படுகிறவரை உடைந்த பனலும் மின்சாரம் தரும். மின்சார சபை இணைப்போடு கூரையில் உள்ள பெரிய தொகுதிகள் வேறு சங்கதி. அங்கே பல நூறு வோல்ற், பொருத்தியவரே வந்து கழற்ற வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது? இங்கேதான் கோபம் வருகிறது. பனல் கொடுக்கும்போது பதாகை கட்டிப் படம் எடுத்தார்கள். ஆயுள் முடிந்தால் யார் திரும்ப எடுப்பது என்று ஒரு வரி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்றவரே திரும்ப எடுக்கும் பொறுப்புக்குள் சோலார் பனலை ஐரோப்பிய ஒன்றியம் 2012 இலேயே கொண்டுவந்துவிட்டது. இங்கே தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகள் ஈயப் பற்றறி, மின்னணுக் கழிவு போன்றவற்றை உரிமம் பெற்றவரே கையாள வேண்டும் என்கின்றன. உரிமம் பெற்றவரோ முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்புப் பக்கம். நாலு பனலுக்காக, 32 கிலோவுக்காக, அவர் A9 வீதி ஏறி வரமாட்டார். சட்டத்தை எழுதியவர்கள் இந்தத் தூரத்தை எண்ணிப்பார்க்கவில்லை.

ஆகவே ஊராகச் சேருங்கள். நாற்பது பனல் சேர்ந்தால் 320 கிலோ, ஒரு பட்டா வாகனத்தில் (சின்ன லொறியில்) அடங்கும். வருகிறவரிடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமத்தைக் கேளுங்கள். அதில் மின்னணுக் கழிவு என்று இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நிறை எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் ஏற்றிவிடாதீர்கள். "வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்" என்று சொன்னால், 2025 ஜனவரி முதல், ஆபத்தான கழிவு நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின்படி எல்லா மின்னணுக் கழிவுக்கும் வாங்கும் நாட்டின் முன் சம்மதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பனல்களின் எண்ணிக்கை, வாற், உடைந்தவை எத்தனை, பற்றறி எத்தனை என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இன்னொரு பிரதி பிரதேச சபைத் தவிசாளருக்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த முத்திரைப் பிரதியோடு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள்.