பிளாஸ்டிக் புழுவைக் கொத்திவிட்டு நழுவும் பாஸ் மீன்: கேள்வி பதில்

அண்ணா, டெக்சாஸ் ரிக்கில் (முள்முனையைப் புழுவுக்குள் மறைத்து மாட்டும் முறை) 7 அங்குல பிளாஸ்டிக் புழு, 2/0 அளவுத் தூண்டில் முள். ‘டக் டக்’ என்று தட்டுகிறது. முள் ஏற ராடைச் (தூண்டில் கோலை) சுண்டினால் புழு மட்டும் சுருண்டு வருகிறது. மீன் இல்லை.

புழு சுருண்டு வருவதுதான் துப்பு, தம்பி. முள்முனை மீனுக்குப் போகவில்லை, பிளாஸ்டிக்கிலேயே புதைந்துவிட்டது. லார்ஜ்மவுத் பாஸ் இரையை மென்று தின்பதில்லை. வாயை ஆவென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிட்டு மூடிக்கொள்ளும். மூடிய வாய்க்குள் புழு மடிந்து பந்தாகக் கிடக்கும். முனை அந்தப் பந்தைத் தாண்டித்தான் தாடையில் ஏற வேண்டும். அதற்கு முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் நடுவே தாராளமாக இடைவெளி வேண்டும். 7 அங்குலத்துக்கு 2/0 சின்னது. ஒல்லியான புழு என்றால் வட்ட வளைவு ஆஃப்செட் முள்ளில் (நரம்பு கட்டும் கண்ணுக்குக் கீழே தண்டு மடிந்த முள்) 3/0 அல்லது 4/0. 10 அங்குலத்துக்கு 5/0. நண்டு, பல்லி மாதிரி தடித்த உருவங்களுக்கு வளைவு அகன்ற ஈ.டபிள்யூ.ஜி. (எக்ஸ்ட்ரா வைட் கேப்) முள்.

மாட்டுவதிலும் பிசகு இருக்கலாம். முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். ஆஃப்செட் மடிப்பு தலைக்குள் போகும்வரை இழுத்து, முள்ளை அரைச்சுற்று திருப்புங்கள். புழுவைத் தொங்கவிட்டு, முள் வளைவு படும் இடத்தில் நகத்தால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நேராகக் குத்தி முனையை மறுபக்கம் கொண்டுவாருங்கள். பிறகு புழுவின் மேல்தோலைக் கிள்ளி முனையை அதற்குள் மயிரிழை அளவு மட்டும் ஒளித்து வையுங்கள். நடுச்சதையில் விட்டால் பழைய கதைதான். புழு கோணலாக நின்றால் சோம்பல் படாமல் கழற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.

(1949இல் ஓஹியோ மாநிலம் ஆக்ரனில் நிக் க்ரீம் பிளாஸ்டிக் புழு வார்த்தார். முனையை மறைத்து மாட்டும் இந்த முறை, மரங்கள் மூழ்கிக் கிடக்கும் டெக்சாஸ் ஏரிகளின் பேரைச் சுமக்கிறது. அங்கே முனை வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கட்டைதான் மாட்டும்.)

தட்டியதும் மூன்று எண்ணிவிட்டுச் சுண்டச் சொல்கிறார்களே?

எண்ண வேண்டாம். மூன்று எண்ணுவதற்குள் துப்பிவிடும், இல்லையேல் தொண்டைவரை விழுங்கிவிடும். நீங்கள் தண்ணீரிலேயே திருப்பி விட நினைக்கும் மீனுக்குத் தொண்டை முள் ஆபத்து. தட்டு தெரிந்ததும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்ந்த நரம்பை மளமளவென்று சுற்றுங்கள். கனம் தெரிந்த கணமே சுண்டுங்கள். எல்லாம் ஒரு விநாடிக்குள். தொய்வோடு சுண்டினால் உங்கள் பலம் தொய்வை நிமிர்த்தவே சரியாகிவிடும். மோனோ (நைலான் ஒற்றை இழை) நரம்பு ரப்பர் மாதிரி நீளும். தூரத்து மீனுக்கு அது ஆகாது. 15 முதல் 17 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, 7 அடி மீடியம் ஹெவி ராடு போதும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீர்மேல் ஓட்டும் பிளாஸ்டிக் தவளையில் தண்ணீர் வெடித்ததைப் பார்த்து உடனே இழுத்தால் தவளைதான் முகத்துக்கு நேரே பறந்து வரும். கனம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

டிராப் ஷாட்டில் (குண்டு அடியில், முள் அதற்கு மேலே நரம்பில் கட்டும் முறை) ஓங்கித்தான் சுண்டுகிறேன், பாதியில் கழன்றுவிடுகிறது.

ஓங்குவதுதான் தப்பு. 1 அல்லது 2ஆம் எண் (2/0-ஐவிடச் சின்ன) மெல்லிய முள், 6 முதல் 8 பவுண்டு நரம்பு: இதில் ஓங்கினால் முள் விரியும், வாய் கிழியும், நரம்பு அறும். ரீலைச் சீராகச் சுற்றிக்கொண்டே ராடை மெல்லச் சாய்த்து உயர்த்துங்கள். முள் தானே ஏறும். ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். புழுவின் நடுவில் முள் குத்தும் வாக்கி ரிக்கின் மெல்லிய முள்ளுக்கும் இதே கைதான்.

வால் மட்டும் கடிபட்டு வருகிறது.

பெரும்பாலும் புளூகில் என்ற சின்ன மீனின் வேலை, பாஸ் அல்ல. வாலில் ஒரு அங்குலம் நறுக்கிப் பாருங்கள். அப்போதும் குட்டித் தட்டுகள்தான் என்றால் இடம் மாறுங்கள்.

டெக்சாஸ் ரிக்கில் புழுவுக்கு முன்னால் வரும் ஈயக்குண்டை ஸ்டாப்பர் (குண்டு நரம்பில் நகராமல் தடுக்கும் துண்டு) போட்டு இறுக்க வேண்டுமா?

அடர்ந்த பாசிக்குள் இறக்கும்போது மட்டும். திறந்த இடத்தில் குண்டு நரம்பில் தாராளமாக வழுகட்டும். இறுகிய குண்டு புழுவோடு வாய்க்குள் போய், தாடைக்கு நடுவில் ஆப்பு மாதிரி நின்று முள்ளைத் தடுக்கும். கனத்தையும் குறைவாக வையுங்கள்; 10 அடி ஆழத்துக்குக் கால் அவுன்ஸ் போதும்.

புது முள்ளைத் தீட்ட வேண்டுமா?

வேண்டாம், சோதித்தால் போதும். கட்டைவிரல் நகத்தில் முனையைச் சாய்த்து லேசாக இழுங்கள். பிடித்துக்கொண்டால் கூர், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். கல்லில் உரசிய பிறகு ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.