பொன்மணிகள் பற்றாசில் மூழ்குவது குறித்து

பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் மக்களின் பாணிக் காதணியில் நீங்கள் பதிக்கும் நுண்ணிய பொன்மணிகள் உருகிய பற்றாசில் (நகைப் பாகங்களை உருக்கி ஒட்டும் உலோகக் கலவையில்) மூழ்கி வடிவிழப்பதாக எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் கைத்திறனில் இல்லை, பற்றாசில்தான் இருக்கிறது. இத்தாலியின் செர்வெத்தேரியில் 1836-இல் திறக்கப்பட்ட ரெகோலினி-கலாஸ்ஸி என்ற எத்ருஸ்கர் கல்லறையின் கி.மு. 7-ஆம் நூற்றாண்டு நகைகளில் மணிகள் தனித்தனியே துலங்குவதை, எத்தனை முறை பார்த்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை. பற்றாசுக்குப் பதிலாக, மாலகைட் போன்ற செப்புக் கனிமத்தை மைபோல் அரைத்து, இயற்கைப் பசையில் குழைத்து, அதைக் கொண்டே மணிகளை ஒட்டிச் சூடேற்றுங்கள். பசை கரியாகி, செப்புச் சேர்மத்தை உலோகச் செம்பாக மாற்ற, அச்செம்பு தொடுபுள்ளியில் மட்டும் பொன்னோடு கலந்து, தூய பொன் உருகும் 1064 பாகை செல்சியசுக்கு வெகு கீழேயே இணைப்பை உண்டாக்குகிறது. 1930-களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறையும் இதுவே. சுடரில் காற்று மிகுந்தால் செம்பு மீண்டும் ஆக்சைடாகிவிடும் என்பதால், கரித்துண்டின் மேல் வைத்து மென்மையான சுடரில் சூடாக்குங்கள். மணிகளின் மேற்பரப்பு ஒருகணம் பளபளத்தவுடன் தீயை விலக்கிவிடுங்கள்.